தொலைபேசியைப் பறித்து வைப்பது தீர்வாகாது

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் மச்சாளின் மகள், உயர்தரப் பரீட்சை நெருங்கிய நேரத்தில், இனி டியூஷனுக்குப் போகமாட்டேன் என்று வீட்டோடு இருந்துவிட்டாள். காரணம் வெளிவர மூன்று வாரம் எடுத்தது. ரீலோட் போடுவதற்காக ஒரு கடைக் கொப்பியில் எழுதிக் கொடுத்த இலக்கத்துக்கு, ‘சாப்பிட்டீங்களா’ என்று யாரோ வாட்ஸ்அப்பில் கேட்டதில் தொடங்கியிருக்கிறது. அவள் பிளாக் பண்ண, வேறோர் இலக்கத்திலிருந்து வந்திருக்கிறான். அதையும் பிளாக் பண்ண, முகநூலில் போலிக் கணக்கு. கடைசியில், அன்று அவள் எந்த நிறச் சட்டையோடு பஸ்ஸுக்கு நின்றாள் என்பதையே எழுதி அனுப்பியிருக்கிறான்.

விஷயம் தெரிந்ததும் வீட்டார் செய்த முதல் வேலை, அவளுடைய தொலைபேசியைப் பறித்து வைத்ததுதான். அப்படிப் பறிப்பார்கள் என்ற பயத்தில்தானே அந்தப் பிள்ளை மூன்று வாரமும் வாய் திறக்கவில்லை!

‘சாப்பிட்டீங்களா என்று கேட்டதற்கா பொலிஸுக்குப் போவது’ என்றார் அவளுடைய பெரியப்பா. ஒவ்வொரு செய்தியையும் தனியாக எடுத்தால் அவர் சொல்வது சரிபோலத்தான் தெரியும். ஆனால் வேண்டாம் என்ற பிறகும் தொடர்வதும், ஒரு வழியை அடைத்தால் மறுவழியால் வருவதும், நாம் சொல்லாத நம் நடமாட்டம் அவனுக்குத் தெரிந்திருப்பதும் ஒன்றுசேரும்போது அது பின்தொடர்தல்தான். பின்தொடர்பவன் முன்னாள் காதலனாகவோ கணவனாகவோ இருந்தால், வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களையும் கூகுள் மேப்ஸின் இருப்பிடப் பகிர்வையும் பார்க்க வேண்டும். அவன் கைநீட்டக்கூடியவன் என்றால், அவற்றைத் திடீரென நிறுத்துவதற்கு முன்பே பாதுகாப்பான ஓரிடத்தை ஒழுங்குசெய்துகொள்வது நல்லது.

ஆத்திரத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். இலக்கம், திகதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கணக்கின் பெயரை அவன் மாற்றிவிடலாம் என்பதால் அதன் இணைப்பையும் குறித்துவையுங்கள். தொடர்புகொள்ள வேண்டாம் என்று ஒருமுறை தெளிவாக எழுதிய பின் பதிலே போடாதீர்கள்.

சொல்லாலோ செயலாலோ செய்யும் பாலியல் தொந்தரவு, இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து, ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிர்வாக மொழி என்பதால், முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள்.

இரண்டு நாள் பேசிய பிறகே மச்சாள் இறங்கிவந்தாள். மகளின் தொலைபேசி இப்போது புதிய சிம்முடன் அவளிடமே இருக்கிறது. பழைய சிம்மை, அந்த இலக்கம் அறுந்துபோகாமலும் ஆதாரம் அழியாமலும் இருக்க, வேறொரு தொலைபேசியில் போட்டு மச்சாள் வைத்திருக்கிறாள்.