ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்

மருத்துவ மாணவர்களுக்குத் திரைப்படம் காட்டிப் பாடம் நடத்துவது நல்லது என்று இப்போது பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். 1994-லேயே இதற்கு 'சினிமெடுகேஷன்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். என் கோபமெல்லாம் நடத்தும் விதத்தின் மீதுதான். இருநூறு பேரை அரங்கில் அடைத்து, விளக்கை அணைத்து, முழுப் படத்தையும் ஓட்டிவிட்டு, "கற்றுக்கொண்டதை ஒரு பக்கத்துக்கு எழுதுக" என்றால் என்ன வரும்? 'பரிவு மிக முக்கியம்' என்று இருநூறு தாள்கள் வரும்.

நான் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து ஒரே ஒரு காட்சியைக் காட்டுகிறேன்.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'இகிரு' (1952) படத்தில், வயிற்று வலியோடு வந்த நகராட்சி அதிகாரி வாட்டனாபே மருத்துவமனையில் காத்திருக்கிறார். பக்கத்து நோயாளி பேச்சுக் கொடுக்கிறார். 'லேசான இரைப்பைப் புண்தான், அறுவைச் சிகிச்சை வேண்டாம்' என்று மருத்துவர் சொன்னால் அது புற்றுநோய் என்று புரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். உள்ளே போனதும் மருத்துவர் அதையேதான் சொல்கிறார்.

மருத்துவர் பொய் சொல்லலாமா என்று மாணவர்கள் உடனே விவாதத்தில் இறங்குவார்கள். அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஒருமுறை, வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி சொன்னாள்: "நான் மருத்துவரைப் பார்க்கவில்லை சார். அந்தப் பக்கத்து ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் மறைப்பதாக நினைக்கும் எல்லாமே வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது." எத்தனையோ முறை பார்த்த காட்சி அது. அந்தக் கோணத்தை எனக்குக் காட்டியவள் அவள்.

அடுத்து, அதே காட்சியை ஒலி இல்லாமல் போடுவேன். எங்கே கலங்க வேண்டும் என்பதைப் படத்தில் இசை சொல்லிவிடும். வார்டில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. ஒலி நின்றதும்தான் யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார், பேசும்போது கண் எங்கே போகிறது என்பதெல்லாம் பிடிபடும். நோயாளியைப் பார்க்கப் பழகுவதும் இப்படித்தான்.

குரோசாவாவின் 'செந்தாடி' (Red Beard, 1965) படத்தில், நாகசாகியில் டச்சுக்காரர் வழி வந்த மேற்கத்திய மருத்துவம் படித்த பெருமையோடு வரும் இளம் மருத்துவனை, சாகக் கிடக்கும் ஒரு முதியவர் அருகே விட்டுவிட்டுப் போகிறார் மூத்த மருத்துவர். செய்வதற்கு அங்கே எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவனால் அது முடியவில்லை. இந்தக் காட்சிக்குப் பிறகு நான் எதுவும் கேட்பதில்லை. ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவிடுவேன். அழுகிறவர்கள் அழட்டும்.

இதற்கு மதிப்பெண் உண்டா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கிடையாது, நான் இருக்கும் வரை கிடையாது. மதிப்பெண் வந்த அன்றே மாணவன் தான் பார்த்ததைச் சொல்வதை விட்டுவிட்டு, நமக்குப் பிடித்ததைச் சொல்லத் தொடங்கிவிடுவான். உடற்கூறியலுக்கே நேரம் போதவில்லை என்பார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம்தானே கேட்கிறேன்? முதல் மரணத்தைப் பார்த்த மாணவனிடம் 'எப்படியிருக்கிறாய்' என்று கேட்கக்கூட நம்மிடம் ஏற்பாடு இல்லையே. அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடுகிறோம்.

'செந்தாடி' காட்சியைப் பார்த்த மறுவாரம் ஒரு மாணவன் என் அறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னேன், உட்காரவில்லை. போன மாதம் இறந்த ஒரு நோயாளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். இரவு இரண்டு மணிக்கு அவர் தண்ணீர் கேட்டாராம். கொண்டுவந்து கொடுப்பதற்குள் போய்விட்டாராம். இத்தனை நாளாக இதை யாரிடமும் சொல்லவில்லை என்றான்.