பத்து பெத்தாங்க சரி, எத்தன தங்குச்சு?

ஞாயித்துக்கெழம மண்டபத்துல ஒரு அண்ணன் பிரசவத்தப் பத்தி மைக்குல பேசினத பத்தி எழுத வேணாம்னுதான் இருந்தேன். வீடியோ எல்லா வாட்சாப் குரூப்லயும் சுத்துது, யாரு பேசினாங்க என்ன பேசினாங்கன்னு நம்ம மலேசியா சுங்கை சிப்புட் ஆளுங்க எல்லாருக்கும் தெரியும், அதனால பேரு நான் சொல்லப் போறதில்ல. ஆனா நேத்து எங்க தாமான்ல (குடியிருப்புல) ஒரு பொண்ணு, எட்டு மாசம் கர்ப்பம், ரத்தம் கம்மின்னு பிங்க் புக்குல, அதான் மாசமா இருக்கறவங்களுக்கு கிளினிக்குல குடுக்கற புக்குல, மஞ்ச ஸ்டிக்கர் ஒட்டி ஆஸ்பத்திரிக்கு போகச் சொல்லியிருக்காங்க, வீட்டுக்காரர் கூட்டிட்டு போகல. ஏன் தம்பின்னு கேட்டா "அண்ணன் சொன்னாருல்லக்கா, நம்ம பாட்டிங்க மாத்திர சாப்ட்டா பத்து பெத்தாங்க?"ன்னு என்கிட்டயே திருப்பிக் கேக்கறாரு. அதுக்கு மேல வாய மூடிக்கிட்டு இருக்க முடியல.

அண்ணன் என்ன சொன்னாரு? நம்ம பாட்டிங்க தோட்டத்து லயத்துலயே பத்து பெத்தாங்க, ஊசி இல்ல, ஸ்கேன் இல்ல, மூணாம் நாளு ரப்பர் மரத்துல பால் வெட்டப் போனாங்க, இப்ப உள்ள பொண்ணுங்க ஒண்ணு பெக்கறதுக்குள்ள ஆயிரம் மாத்திர, எல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் பொழப்புன்னாரு. மண்டபமே கை தட்டுச்சு. முன் வரிசையில மாசமா இருக்கற புள்ளைங்க ரெண்டு பேரு உக்காந்திருந்தாங்க, அவங்களும் தட்டினாங்க.

நான் கேக்கறது ஒரே கேள்வி. பத்து பெத்தாங்க, சரி. எத்தன தங்குச்சு?

என் அம்மாவோட அம்மா கதைய சொல்றேன். இங்கேருந்து பக்கத்துலதான் தோட்டம், இப்ப அங்க லயமும் இல்ல ரப்பரும் இல்ல, முழுக்க செம்பன. பாட்டிக்கு பொறந்தது ஒம்பது. தங்குனது நாலு. தலச்சன் ஆம்பளப் புள்ள, ஏழாம் நாளு தாட கிட்டிப் போச்சு, பால் சப்ப முடியல, ஒடம்பு வில்லா வளஞ்சு போச்சுன்னு பாட்டி சொல்வாங்க. எல்லாரும் காத்து கருப்புன்னாங்க. அது டெட்டனஸ். தொப்புள் கொடிய அருவாள்ல அறுத்து, மேல சாம்பலும் சாணியும் வச்சு கட்டுற பழக்கம் அப்ப, அந்தப் புண்ணு வழியா கிருமி ஏறுது. தாய்க்கு மாசமா இருக்கும்போதே டெட்டனஸ் ஊசி போட்டு, கொடிய சுத்தமான பிளேடுல அறுத்தா இது வராது. அவ்வளவுதான் விஷயம்.

அடுத்து ரெண்டு புள்ள மணல்வாரில போச்சு, ஒரே மாசத்துல. ஆத்தா எறங்கியிருக்கா, மருந்து குடுத்தா கோவிச்சுக்குவான்னு தோட்டத்துல மருந்து குடுக்கற டிரெசர கூப்பிடவே இல்ல. ஒண்ணு வயித்தால போயி போச்சு. தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு தண்ணியையே நிறுத்திட்டாங்களாம், புள்ள தண்ணி தண்ணின்னு கேட்டுச்சாம். இத சொல்லும்போது பாட்டிக்கு எழுவது வயசுக்கு மேல, அப்பவும் அந்த எடத்துல கத நின்னுடும், அதுக்கு மேல சொல்ல மாட்டாங்க. மிச்சம் ஒண்ணு ஏன் போச்சுன்னு பாட்டிக்கே தெரியாது, காலைல எழுந்தா இல்ல.

இதத்தான் அண்ணன் மைக்குல பெருமையா பேசறாரு.

நம்ம தாத்தா பாட்டி காலத்துல ஏன் ஒவ்வொரு குடும்பத்துலயும் ஒரு குப்பம்மா, ஒரு பிச்ச, ஒரு குப்புசாமி? எங்க மாமா பேரே பிச்சதான். வரிசையா புள்ளைங்க தங்கலேன்னா அடுத்து பொறக்கறத குப்பமேட்டுல போட்டு எடுப்பாங்க, இல்ல பக்கத்து வீட்டுக்கு தவிட்டுக்கு வித்துட்டு பிச்சையா வாங்கிக்குவாங்க, எமனுக்கு இது வேண்டாத புள்ளன்னு தோணட்டும்னு. கையில வேற ஒண்ணுமே இல்லாத தாய்ங்க, புள்ளைய காப்பாத்த கடைசியா கண்டுபிடிச்ச வழி அது. ஊசி இருந்திருந்தா எங்க பாட்டி க்யூவுல மொத ஆளா நின்னிருப்பாங்க.

மூணாம் நாளு வெட்டுக்குப் போனாங்கங்கறாரு. ஏன் போனாங்க? ஒடம்புல தெம்பு இருந்துச்சுன்னா? போகலன்னா ஆள் கணக்குல பேரு விழாது, பேரு விழலன்னா சம்பளம் இல்ல, அதனால போனாங்க. தீட்டுத் துணியோட, பால் வாளிய தூக்கிட்டு, பச்ச ஒடம்பு புள்ளைய ஆயாக் கொட்டாயில விட்டுட்டு. 1955 வேலைச் சட்டத்துல அறுவது நாள் பிரசவ லீவு வந்துச்சு, அது 98 நாளா ஆனது 2023 ஜனவரிலதான். நம்ம பாட்டிங்க பட்ட கொடுமைய அவங்க பலம்னு சொல்லி கை தட்டறோம், எனக்கு நெஞ்சு எரியுது.

நம்பர் வேணுமா? 1957ல, மெர்டேக்கா (சுதந்திர) வருசம், மலாயாவுல ஆயிரம் புள்ள பொறந்தா ஒரு வயசு முடியறதுக்குள்ள 75 புள்ள செத்துச்சு. இப்ப ஏழு கிட்டதான். அம்பதுகள் ஆரம்பத்துல ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஐந்நூறு தாய்க்கு மேல செத்தாங்க, இப்ப கோவிட்டுக்கு முன்னாடி கணக்குப் பாத்தா இருவது இருவத்தஞ்சு. எப்படி கொறஞ்சுது? நம்ம ரத்தம் திடீர்னு சுத்தமாச்சா? கம்போங்குக்கு கம்போங் கிளினிக் டேசா (கிராமத்து கிளினிக்) வந்துச்சு, ஜுருராவாட் டேசா (கிராமத்து நர்ஸுங்க) சைக்கிள்ல மோட்டார்ல வீடு தேடி வந்தாங்க, 1989லேருந்து பிங்க் புக்குல செவப்பு, மஞ்ச, பச்ச, வெள்ளன்னு கலர் போட்டு யாருக்கு எவ்வளவு ஆபத்துன்னு பிரிச்சாங்க, 1991லேருந்து ஒரு தாய் செத்தா ஏன் செத்தா எங்க தவறுச்சுன்னு ஒவ்வொரு சாவையும் தனித்தனியா உக்காந்து விசாரிக்கறாங்க. அதே நாட்டுல 2021ல, கோவிட் வருசத்துல, அந்த இருவத்தஞ்சு 68க்கு ஏறிடுச்சு. ஒரு வருசம் கை நழுவினா போதும்.

"நீ நம்ம பாரம்பரியத்த கேவலப்படுத்தற"ன்னு ஒருத்தர் ஏற்கனவே இன்பாக்ஸ்ல வந்துட்டாரு. ஐயா, எனக்கு புள்ள பொறந்தப்ப எங்க அம்மா காயம்னு சொல்ற பிரசவ மருந்து கிண்டி குடுத்தாங்க, பூண்டு கொழம்பு, சுறாப்புட்டு, மஞ்சத்தண்ணிக் குளியல், பத்தியம் எல்லாம் இருந்தேன், என் மகளுக்கும் செய்வேன். மருத்துவச்சிப் பாட்டிங்க கையெல்லாம் தெய்வக் கை. கவர்மெண்டே கம்போங் மருத்துவச்சிங்கள விரோதியா நெனைக்காம, பயிற்சி குடுத்து மிஸ்ஸிங்களோட (நர்ஸுங்களோட) சேந்து வேல செய்ய விட்டுச்சு. அதனால பாரம்பரியத்த தூக்கிக்கிட்டு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க. காயம் ஒடம்ப தேத்தும். ரத்தப்போக்க நிறுத்தாது.

ரத்தப்போக்குன்னு சொன்னா சிரிக்கறவங்க இருக்காங்க, அதனால இதையும் சொல்லிடறேன். எங்க பாட்டியோட தங்கச்சி, எங்களுக்கு சின்னப் பாட்டி, நான் பாத்ததே இல்ல. புள்ள நல்லபடியா பொறந்துச்சு, நஞ்சுக்கொடி விழுந்துச்சு, அப்புறம் ரத்தம் நிக்கல. பால் ஏத்தற லோரில பாய் விரிச்சு படுக்க வச்சு டவுனுக்கு கொண்டு போனாங்க. பாதி வழியில போயிட்டாங்க. பொறந்த புள்ளைக்கு எங்க பாட்டி பால் குடுத்து வளத்தாங்க. இன்னிக்கும் உலகத்துல தாய்ங்க அதிகமா சாகறது இந்த ரத்தப்போக்குலதான். கர்ப்பப்பை சுருங்கினா ரத்தம் நிக்கும், சுருங்க வைக்க ஒரு ஆக்ஸிடாசின் ஊசி, அதையும் குளுருல வச்சு பாதுகாக்கணும். 2023ல வந்த ஆராய்ச்சி, கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்காவுல செஞ்சது, இடுப்புக்குக் கீழ அளவு கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்ப போட்டு எவ்வளவு ரத்தம் போகுதுன்னு கண்ணால மதிப்பு போடாம அளந்து, உடனே எல்லா வைத்தியத்தையும் ஒண்ணா ஆரம்பிச்சா, ஆபத்தான ரத்தப்போக்கு நூத்துக்கு அறுவது கொறஞ்சிடுச்சு. ஒரு பிளாஸ்டிக் விரிப்பு! இதுல எந்தக் கம்பெனிக்காரன் கோடீஸ்வரன் ஆனான் சொல்லுங்க.

அந்த எட்டு மாசப் பொண்ணு மேட்டருக்கு வரேன். ரத்தம் நல்லா இருக்கற பொண்ணுக்கு பிரசவத்துல ஒரு லிட்டர் போனாக்கூட டாக்டருங்க புடிச்சு நிறுத்திடுவாங்க. ஏற்கனவே ரத்தம் இல்லாத ஒடம்புல அதே ஒரு லிட்டர் போனா என்ன இருக்கு புடிக்க? 2019 தேசிய சுகாதார சர்வேயில இந்த நாட்டுல புள்ள பெத்துக்கற வயசுல உள்ள பொம்பளைங்க பத்துல மூணு பேருக்கு ரத்த சோக. அந்த இரும்பு மாத்திரைக்குத்தான் அண்ணன் கம்பெனிக்காரன் பொழப்புன்னாரு. கவர்மெண்ட் கிளினிக்குல சும்மா குடுக்கற மாத்திர அது. வயித்தப் புடிக்குது, வெளிக்கு கருப்பா போகுதுன்னு புள்ளைங்க நிறுத்திடறாங்க, இல்ல தே ஓவோட (பால் ஊத்தாத டீயோட) சேத்து முழுங்கறாங்க. டீத்தண்ணி இரும்ப ஒடம்புல சேர விடாது, தண்ணியோ ஆரஞ்சு ஜூஸோ குடிங்கம்மா, டீய ரெண்டு மணி நேரம் தள்ளி வையுங்க. மண்டபத்துல இத சொல்லியிருந்தா நானும் எழுந்து நின்னு கை தட்டியிருப்பேன்.

"ஆஸ்பத்திரில மட்டும் என்ன வாழுது, திட்டறாங்க, மணிக்கணக்கா உக்கார வைக்கறாங்க"ன்னு சொல்றவங்களுக்கு, ஆமா. உண்மைதான். நானும் ஒரு ஆஸ்பத்திரில வலியில கெடந்தப்ப "கத்தாத, இதெல்லாம் முன்னாடியே யோசிச்சிருக்கணும்"னு கேட்டிருக்கேன், அந்தக் கொரல் இன்னிக்கும் காதுல இருக்கு. மலாய் சரியா பேச வராத நம்ம வயசான அம்மாங்க, சின்னப் புள்ளைங்க படற அவமானம் எனக்குத் தெரியும். அதுக்கு கம்ப்ளேன் எழுதுங்க, எம்பிகிட்ட போங்க, நானும் வரேன், எழுதத் தெரியலன்னா நான் எழுதித் தரேன். ஆனா ஒரு மிஸ்ஸி திட்டினான்னு ரத்தம் கொறஞ்ச பொண்ண வீட்டுல வச்சிக்கறது அந்த மிஸ்ஸிக்கு தண்டனையா? யாருக்கு தண்டன?

ஊசி போடாத புள்ளைங்களும் நல்லாத்தானே இருக்குங்கறீங்க. 2016ல கெடாவுல டிஃப்தீரியா (தொண்ட அடைப்பான்) வந்து புள்ள செத்துச்சே, மறந்துட்டீங்களா? 2019 டிசம்பர்ல சபாவுல மூணு மாசக் கொழந்தைக்கு போலியோ வந்துச்சு, 27 வருசமா நாட்டுலயே இல்லாத நோய். பக்கத்து வீட்டுப் புள்ளைங்க எல்லாம் ஊசி போட்டதால உங்க புள்ளைய நோய் நெருங்கல, அதப் போய் உங்க வீட்டுக் கஷாயத்துக்கு பேரு வாங்கிக் குடுக்கறீங்க.

இன்னொரு தம்பி கேட்டாரு, நான் உலக சுகாதாரம் அது இதுன்னு ஷேர் பண்றதப் பாத்துட்டு, "ஆப்பிரிக்காக்காரி செத்தா நமக்கென்னக்கா?". இந்தக் கேள்வி என்ன ராத்திரி தூங்க விடல. 2023ல மட்டும் உலகத்துல ரெண்டு லட்சத்து அறுவதாயிரம் பொம்பளைங்க புள்ள உண்டாகி, இல்ல பெத்து, செத்திருக்காங்க, ஒரு நாளைக்கு எழுநூறு பேரு. அதுல நூத்துக்கு எழுவது சஹாராவுக்கு தெக்க உள்ள நாடுங்க. அஞ்சு வயசுக்குள்ள செத்த புள்ளைங்க 48 லட்சம். வயித்தால போயி மட்டும் வருசத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல. எங்க பாட்டி புள்ள எப்படி செத்துச்சோ அதே மாதிரி. அதுக்கு மருந்து நமக்கு எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? 1971 பங்களாதேஷ் போர் நேரம், மேற்கு வங்கத்துல பொங்காவோன் அகதி முகாம்ல காலரா, ஏத்தறதுக்கு சேலைன் தீந்து போச்சு, திலீப் மஹலனாபிஸ்னு கொல்கத்தா டாக்டரு, உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் கலந்த தண்ணிய கொண்டு வந்து சொந்தக்காரங்க கையிலயே குடுத்து குடிக்க வைங்கன்னாரு. நூத்துக்கு முப்பது செத்துக்கிட்டிருந்த எடத்துல நாலுக்கும் கீழ வந்துச்சு. எங்கயோ ஒரு அகதி முகாம்ல பொழச்ச அந்தப் பாடம்தான் இன்னிக்கு உங்க புள்ளைக்கு வயித்தால போனா கிளினிக்குல குடுக்கற ஓஆர்எஸ் பாக்கெட்டு. நமக்கென்னவாம்!

2024 டிசம்பர்ல ஆப்கானிஸ்தான்ல பொம்பளைங்க நர்ஸுக்கும் மருத்துவச்சிக்கும் படிக்கக் கூடாதுன்னு தாலிபான் நிறுத்திட்டான். ஆம்பள டாக்டர் தொடக்கூடாது, பொம்பள படிக்கக் கூடாது, அப்ப பிரசவ வலி வந்தா அவ எங்க போவா? தோட்டத்துல ஆம்பள டிரெசர் பாக்கக் கூடாதுன்னு கதவ சாத்திக்கிட்டு வலியில கெடந்த நம்ம பாட்டிங்கள எனக்கு நெனப்பு வருது. 2025ல அமெரிக்காக்காரன் உதவிப் பணத்த வெட்டிட்டான், எத்தனையோ ஏழ நாட்டு கிளினிக்க மூடிட்டாங்க. இதெல்லாம் அரசியல், தோட்டத்துக்காரி உனக்கெதுக்குன்னா, புள்ள பெக்கறது அரசியல்னா ஆமா, எனக்கு அரசியல் வேணும்.

அவ்வளவு தூரம் போக வேணாம். நம்ம பாட்டிங்க இருந்த அதே தோட்டத்துல இப்ப இந்தோனேசியாப் பொண்ணுங்க இருக்காங்க, செம்பன பொறுக்கறாங்க, மாசமாவும் இருக்காங்க. பர்மிட் இல்லாதவங்க ஆஸ்பத்திரிக்கு போனா இமிகிரேஷனுக்கு சொல்லணும்னு 2001லேருந்து உத்தரவு இருக்கு, வெளிநாட்டு ஆளுன்னா கட்டணமும் பல மடங்கு, அதனால வலி வந்து தாங்க முடியாத கட்டத்துலதான் வராங்க. போன வருசம் அப்படி ஒருத்தியோட கொழந்த வயித்துலயே போச்சு. அத கடையில சொன்னப்ப "அவங்க நம்ம ஆளா?"ன்னு கேட்டது நம்ம ஆளுங்கதான். எங்க பாட்டிய பெத்தவங்க கப்பல் ஏறி பினாங்குல எறங்குனப்ப அவங்கள யாரு நம்ம ஆளுன்னு சொன்னா?

கமெண்ட்ல சண்ட போட வரவங்க வாங்க. ஆனா மொதல்ல உங்க அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ போன் போட்டு, பாட்டிக்கு எத்தன பொறந்துச்சு, எத்தன தங்குச்சுன்னு கேளுங்க. ரெண்டு நம்பரையும் இங்க எழுதுங்க. அதுக்கப்புறம் பேசலாம்.