ஜாய்ஸுக்காகக் கோர்ட்டுக்குப் போன இரண்டு பெண்கள்

'யுலிசிஸ்' நாவல் பேச்சு வந்தால் அதை எழுதிய ஜேம்ஸ் ஜாய்ஸைச் சொல்கிறோம், அவருக்குத் துணை நின்ற கவிஞர் எஸ்ரா பவுண்டைச் சொல்கிறோம், 1922இல் பாரிஸில் அதைப் புத்தகமாகப் போட்ட சில்வியா பீச்சையும் சொல்கிறோம். அதற்கு முன்பே அதைத் தங்கள் இதழில் தொடராக வெளியிட்டுக் கோர்ட்டுப் படியேறிய மார்கரெட் ஆண்டர்சன், ஜேன் ஹீப் இருவரையும் அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறோம். எனக்கு இது ஆறவே இல்லை.

ஆண்டர்சன் 'லிட்டில் ரிவ்யூ' என்ற அந்த இலக்கிய இதழை 1914 மார்ச்சில் சிகாகோவில் தொடங்கினார். அரசே வேண்டாம் என்ற அராஜகவாதி எம்மா கோல்ட்மேனை ஆதரித்து எழுதியதும் விளம்பரங்கள் கைவிட்டுப் போயின. வாடகைக்கு வழியில்லாமல் 1915இல் மிச்சிகன் ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கினார். இதழை மட்டும் நிறுத்தவில்லை.

நல்ல படைப்பு வராவிட்டால் பக்கங்களைக் காலியாக விடுவேன் என்று மறு ஆண்டு எழுதினார். 1916 செப்டம்பர் இதழில் 13 பக்கங்கள் வெள்ளையாகவே வந்தன. நடுவில் ஹீப் வரைந்த சில கேலிச்சித்திரங்கள் மட்டும். பக்கத்தை நிரப்ப, தெரிந்தவர்களின் கவிதையை வாங்கிப் போடும் பழக்கத்தை எவ்வளவோ பார்த்தாயிற்று. ஒரு ஆசிரியரின் நேர்மைக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

1917இல் பவுண்ட் வெளிநாட்டு ஆசிரியர் ஆனார். அலுவலகம் நியூயார்க்குக்கு மாறியது. யேட்ஸ், எலியட் போன்ற கவிஞர்கள் எல்லாம் அவர் வழியாக வந்தவர்கள்தான், சரி. ஆனால் "எல்லாம் பவுண்ட் செய்தது, இவர்கள் அச்சடித்தார்கள்" என்று சொல்வது அநியாயம். அவர் லண்டனில் இருந்தார். 'யுலிசிஸ்' கைப்பிரதியில் சில வரிகளை அவரே பயந்து வெட்டித்தான் அனுப்பினார். ஆபத்து முழுக்க இந்த இருவர் தலையில்.

தொடர் 1918 மார்ச்சில் தொடங்கியது. அமெரிக்கத் தபால் துறை சில இதழ்களைப் பறிமுதல் செய்து எரித்தது. அப்படியும் அடுத்த அத்தியாயம் அச்சுக்குப் போனது. 1920 கோடை இதழில் வந்த கடற்கரை அத்தியாயத்தை வைத்து, ஒழுக்கக்கேட்டை ஒழிக்கும் சங்கம் வழக்குப் போட்டது.

1921 பிப்ரவரியில் விசாரணை. நீதிபதிகள் மூன்று பேர். இவர்களுக்காக வாதாடிய ஜான் குவின், இது யாருக்கும் புரியாத எழுத்து, புரியாதது யாரைக் கெடுக்கும் என்ற ரீதியில் பேசினார். இலக்கியம் என்று நிமிர்ந்து வாதாட வேண்டிய இடத்தில் இப்படி ஒரு வாதம். இன்னொன்றை ஆண்டர்சனே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆபாசம் எனப்பட்ட பகுதியைப் படிக்கப் போனபோது, அங்கே பெண் இருக்கிறாரே என்று ஒரு நீதிபதி தடுத்தாராம். அந்தப் பெண்தான் இதை வெளியிட்டவர் என்று குவின் சொல்ல, என்ன வெளியிடுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது என்றாராம் நீதிபதி! வரிவரியாகப் படித்துத் தேர்ந்து போட்ட ஆசிரியரைப் பற்றிச் சொன்ன வார்த்தை இது. அபராதத்தைவிட இதுதான் பெரிய அவமானம்.

ஆளுக்கு 50 டாலர் அபராதம். தொடர் நின்றது. அப்புறமும் இதழை இழுத்துப் பிடித்து நடத்தி, 1929இல்தான் முடித்தார்கள்.

1922 வரையிலான இதழ்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜாய்ஸ் பக்கங்களைத் தேடிப் போகிறவர்கள், வாசகர் கடிதப் பகுதியையும் விடாமல் படியுங்கள். சந்தா கட்டியவர்கள் போட்ட சண்டையும், அதற்கு இவர்கள் சளைக்காமல் சொன்ன பதிலும் அங்கேதான் இருக்கின்றன.