ஆர்வி வண்டியும் மூன்று மாதக் குட்டியும்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு, படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் ஆர்வி வண்டியில் போகலாம் என்று இடம் பிடித்து வைத்தபோது வீட்டில் நாய்க்குட்டி இல்லை. இப்போது மூன்று மாதக் குட்டி ஒன்று, வண்டி கிளம்பியதுமே எச்சில் ஒழுக விட்டு, பத்தாவது மைலில் குறி பார்த்த மாதிரி என் செருப்பு மேலேயே வாந்தி எடுக்கிறது. சரி, சின்னது, பழகிவிடும் என்று பார்த்தால், ராத்திரி யாராவது குழாயைத் திறந்து தண்ணீர் பம்ப் டர்ர்ரென்றால் போதும், குரைத்துப் பக்கத்து வண்டிக்காரரையும் எழுப்பிவிடுகிறது. அப்புறம் பூங்காவுக்குள் நாய்க்கு மலைப்பாதையும் கிடையாது, வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிய பலகைப் பாதையும் கிடையாது. சாலை, பார்க்கிங், முகாமிலிருந்து 100 அடிக்குள்தான், அதுவும் 6 அடிக் கயிற்றில்! ஓல்ட் ஃபெயித்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்று பீறிட்டதை வீட்டுக்காரரும் பிள்ளைகளும் பார்த்தார்கள். நான் வண்டிக்குள் மூத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.