இந்தாத்தா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்க

“கொஞ்சம்” என்ற சொல்லுக்கு ஆறரை மணி நேரம் என்று ஒரு பொருள் உண்டு என்பது நேற்று வரை எனக்குத் தெரியாது. பள்ளத்தூரில் வீட்டுக் கல்யாணம். காலை 7.10க்கு முகப்பில் வைத்து, “இந்தாத்தா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்க, திருப்பூட்டுறதைப் பார்த்துட்டு ஓடியாந்துடுறேன்” என்று என் சிங்கப்பூர் நாத்தனார் தன் கைப்பையை என்னிடம் நீட்டினார். மதியம் 1.40க்குத் திரும்ப வாங்கிக்கொண்டார். திருப்பூட்டுவதை, அதாவது தாலி கட்டுவதைப் பார்க்கத்தானே நானும் நாலு மணிக்கு எழுந்து தலைக்குக் குளித்துவிட்டுப் போனேன்? நான் பார்த்ததெல்லாம் அந்தப் பையின் ஜிப்பைத்தான்.

எந்தக் கம்பெனிப் பை என்று சொல்ல மாட்டேன். உங்கள் சொந்தத்திலும் ஒருத்தர் வைத்திருப்பார், அதே மாதிரிதான். விலையை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அவரே அன்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நாலாயிரத்து இருநூறு சிங்கப்பூர் வெள்ளி. நம்ம காசுக்கு இரண்டே முக்கால் லட்சத்தைத் தாண்டும். “ஆனா விலைக்கேத்த உழைப்பு” என்றார். சரிதான். ஆறரை மணி நேரம் உழைத்தது யார்?

கையில் கொடுத்துவிட்டுச் சும்மா போனாரா? நாலடி போய்த் திரும்பி வந்து விதிமுறைகள் சொன்னார். தரையில் வைக்கக் கூடாது, ஆத்தங்குடிக் கல் ஈரம் வாங்கும். சுவரில் சாய்க்கக் கூடாது, சுண்ணாம்பு ஒட்டும். மடியில் வைக்கலாம், ஆனால் சரிகை படாமல். பட்டுப் புடவையில் சரிகை இல்லாத இடம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. வெயில் ஆகாது. எண்ணெய்க் கை ஆகாது. செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் எண்ணெய் படாத கை ஒன்றைக் காட்டுங்கள், என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். பிரசவித்து வீட்டுக்கு வந்த என் பிள்ளையைத் தூக்கக்கூட யாருக்கும் இத்தனை நிபந்தனை போட்டதில்லை.

அடுத்து பன்னீர். வாசலில் பன்னீர்ச் செம்போடு ஒரு பையன், எட்டு வயது இருக்கும். வருகிறவர்கள் எல்லோர் மேலும் தெளித்துத் தெளித்து அவனுக்கு அலுத்துவிட்டது, உள்ளே நிற்கிறவர்களைத் தேட ஆரம்பித்துவிட்டான். என்னைப் பார்த்தான். நான் தூணுக்குப் பின்னால் போனேன். அவனும் வந்தான். நடு முற்றமுள்ள வளவைச் சுற்றி இரண்டு சுற்று ஓடினேன், நாற்பத்தாறு வயதில், ஒன்பது கெஜத்துக்குக் கொஞ்சம் குறைச்சலான பட்டில், பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு. பார்த்தவர்கள் நான் எதையோ திருடிக்கொண்டு ஓடுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். கடைசியில் என் முதுகில் அடித்தான் பன்னீரை. பை தப்பியது. அன்று எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது.

இதில் இன்னொரு கூத்து, பார்க்கிறவர்கள் எல்லோரும் அது என் பை என்றே நினைத்தார்கள். இரண்டாங்கட்டில் ஒரு ஆச்சி மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பரவாயில்லை, வாத்தியார் சம்பளம் இப்ப நல்லாத்தான் தர்றாக போல” என்றார். அது என்னுடையதில்லை என்று விளக்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் அடுத்த ஆச்சியிடம் சொல்லி முடித்துவிட்டார்.

சரி, பந்திக்கு வருகிறேன். சோறு இறங்கவில்லை என்பார்களே, எனக்குப் பணியாரம் இறங்கவில்லை.

பசி. காலையிலிருந்து காபிகூட இல்லை. இரண்டாம் பந்தியில் எப்படியோ இடம் பிடித்தேன். பையை எங்கே வைப்பது? தரை ஆகாது, மடி ஆகாது. பக்கத்து நாற்காலியில் வைத்தேன். ஒரு நிமிடம்தான், வாய் நனைத்துவிட்டு எடுத்துவிடலாம் என்று. இலை போடுகிற தம்பி வந்தார், எனக்கு ஒரு இலை போட்டார், பைக்கும் ஒரு இலை போட்டார். நான் “தம்பி” என்பதற்குள் தண்ணீர் வைத்தாயிற்று. பின்னாலேயே வந்தவர் இடியாப்பம் வைத்தார். அதற்குப் பின்னால் வந்தவர் இரண்டு வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் வைத்துவிட்டு, “அந்த அக்கா கைகழுவப் போயிருக்காகளா?” என்று கேட்டார். கவுனி அரிசி கூட வைத்தார்கள் அதற்கு. எனக்கு ஒரு கரண்டி, அதற்கு இரண்டு. வெளிநாட்டு விருந்தாளி என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார் போல.

அப்போதுதான் பின்னால் ஒரு கை என் நாற்காலியைப் பிடித்தது. தேவகோட்டைப் பெரியப்பச்சி, அதாவது பெரியப்பா. எண்பது வயது, முழங்கால் வலி, பஸ்ஸில் வந்திறங்கியிருக்கிறார். நம் ஊர் பந்தியில் சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் காத்து நிற்பது தெரிந்ததுதானே. பக்கத்து நாற்காலியைக் காட்டி, “ஏத்தா, இதுல ஆள் வருதா?” என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எடுத்துவிட்டு “உட்காருங்க பெரியப்பச்சி” என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் என்ன வந்தது தெரியுமா? “பை இருக்கு பெரியப்பச்சி.”

அவர் பையைப் பார்த்தார். பையின் இலையைப் பார்த்தார். கவுனி அரிசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இருக்கட்டும்த்தா, அது சாப்பிடட்டும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். நான் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, அவர் பின்னால் ஓடி, கையைப் பிடித்து இழுத்து வருவதற்குள் இரண்டு நாற்காலியும் போயிற்று. என் இலையில் வேறொருவர் என் பணியாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து சாம்பார் வாளி திரும்பியது. பைக்குக் குறுக்கே முதுகைக் கொடுத்தேன். பதினாலாயிரம் ரூபாய்ப் பட்டு, முந்தானை முழுக்கச் சாம்பார். எங்கிருந்தோ நாத்தனார் ஓடி வந்தார். அப்பாடா, வாங்கிக்கொள்ளத்தான் வருகிறார் என்று நினைத்தேன். “ஐயையோ! பைக்கு ஒண்ணும் ஆகலையே?” ஆகவில்லை ஆச்சி. பை நலம். என் கையிலேயே அதை விட்டுவிட்டுப் போட்டோ எடுக்கப் போய்விட்டார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தப் பைகளின் பூர்வீகத்தை எல்லாம் போனில் தேடிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. உலகத்திலேயே பெரிய பவிசு உள்ள பிர்கின் பை எப்படிப் பிறந்தது தெரியுமா? ஜேன் பிர்கின் என்ற நடிகை விமானத்தில் போகும்போது அவருடைய பின்னல் கூடையிலிருந்து சாமான் எல்லாம் கொட்டிவிட்டது. பக்கத்தில் தோல் பை செய்கிற எர்மெஸ் கம்பெனித் தலைவர். பிள்ளைக்காரிக்கு ஏற்ற பெரிய பையாக ஒன்று வேண்டும் என்று பேசிப் பேசி 1984ல் வந்தது அந்தப் பை. அந்த அம்மாள் அதை எப்படி வைத்திருந்தார்? கண்டதையும் திணித்து, மேலே ஸ்டிக்கர் ஒட்டி, நகவெட்டியைக் கட்டித் தொங்கவிட்டு. அந்தக் கீறல் விழுந்த முதல் பைதான் 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் சுமார் 86 லட்சம் யூரோவுக்குப் போனது. நம்ம காசில் 86 கோடி. யாருக்காகச் செய்தார்களோ அவர் அதை மூட்டை மாதிரி தூக்கி எறிந்து புழங்கியிருக்கிறார், நான் பள்ளத்தூரில் அதன் தூரத்துச் சொந்தத்துக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறேன். கூடை கொட்டியதற்குத் தீர்வு கேட்டால் எங்கள் ஆயா, அதாவது பாட்டி, பனையோலைக் கொட்டான் ஒன்றைக் கையில் கொடுத்திருப்பார். சாயம் போட்ட ஓலை, மூடி போட்டது. 2013லேயே புவிசார் குறியீடு வாங்கியாயிற்று நம்ம கொட்டான். அதைத் தரையில் வைத்தால் யாரும் அலறியதில்லை.

“இதெல்லாம் முதலீடுத்தா, வருசா வருசம் விலை ஏறும்” என்பார் நாத்தனார். ஏறுகிறதுதான், மறுக்கவில்லை. ஷனேலின் நடுத்தர ஃபிளாப் பை அமெரிக்காவில் 2019ல் ஆறாயிரம் டாலருக்குள் இருந்தது, 2023ல் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் அது கடைக்காரர் ஏற்றிய விலை. கல்லூரிக்குப் பணம் கட்ட அவசரம் என்று காரைக்குடி செக்காலை ரோட்டு அடகுக் கடைக்கு இதை எடுத்துப் போங்கள். உரைகல்லில் உரசிப் பார்ப்பாரா? ஜிப்பை எடை போடுவாரா? இன்னொன்று, லூயி வுய்ட்டானின் அந்தப் பூவும் எழுத்தும் போட்ட பை இருக்கிறதே, பாதிப் பேர் அதைத் தோல் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். துணி. மேலே பிளாஸ்டிக் பூச்சு. போலிகளைத் தடுக்கத்தான் 1896ல் அந்தப் படத்தையே வரைந்தார்களாம். நல்லாத் தடுத்தார்கள், எங்கள் ஊர் சந்தையில் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

2024ல் மிலான் நீதிமன்றத்தில் வெளியான கணக்கு வேறு. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற டியோர் பை ஒன்றைத் தைத்துக் கொடுத்ததற்குத் துணை ஒப்பந்தக்காரருக்குப் போனது 53 யூரோ. நியாயமாகச் சொன்னால் அது தோல் விலை சேராத கணக்கு. கடை வாடகை, விளம்பரம் எல்லாம் தனி. ஆனால் நியாயம் பேசுகிற மனநிலையில் நான் இல்லை.

வருமான வரிக்காரர்களுக்கு மட்டும் விஷயம் புரிந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 22லிருந்து பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள ஆடம்பரச் சாமான் வாங்கினால் ஒரு சதவீதம் வரியைக் கடைக்காரரே அங்கேயே பிடித்துவிடுவார். அந்தப் பட்டியலில் கைப்பை எதனோடு இருக்கிறது தெரியுமா? ஹெலிகாப்டர், படகு, பந்தயக் குதிரை. குதிரையோடு சேர்த்தார்களே, அது பொருத்தம். இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டும்.

இதையெல்லாம் எங்கள் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். அக்காவை விட்டுக்கொடுப்பாரா? “நம்ம வீட்டுத் தூண் பர்மாத் தேக்கு, கண்ணாடி பெல்ஜியம், பளிங்கு இத்தாலி. உங்க ஐயா பண்ணுனா பாரம்பரியம், எங்க ஆச்சி பண்ணுனா பகட்டா?” என்றார். ஒரு நிமிடம் வாயடைத்துத்தான் போனேன். அப்படிக் கொண்டுவந்த தூண்களெல்லாம் இன்று முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சாய்ந்து நிற்பதும் தெரிந்ததுதான். ஆனால் ஒன்று, தூண் கூரையைத் தாங்கியது. யாரும் என்னைக் கூப்பிட்டு, “இந்தாத்தா, இந்தத் தூணைக் கொஞ்சம் பிடிச்சுக்க” என்று சொன்னதில்லை.

சரி, 1.40. நாத்தனார் வந்தார். கை நீட்டினார். கொடுத்தேன். என் எதிரிலேயே ஜிப்பைத் திறந்தார். உள்ளே கசக்கிய வெள்ளைக் காகிதம். வேறு ஒன்றும் இல்லை. மேலேயிருந்து கீழே வரை காகிதம். “உள்ளே சாமான் வச்சா வடிவம் போயிடும்த்தா” என்றார்.

“அப்ப போன், பணமெல்லாம்?”

“அது அந்தா கெடக்குல்ல” என்று இரண்டாங்கட்டு மூலையைக் காட்டினார். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், யாரோ கழற்றிப் போட்ட செருப்புக்கு மேலே, ஒரு மஞ்சப்பை. போன கல்யாணத்துத் தாம்பூலப் பை, மணமக்கள் பெயர் பாதி அழிந்திருந்தது. உள்ளே இரண்டு போன், பாஸ்போர்ட், ரூபாய்க் கட்டு, சிங்கப்பூர் வெள்ளி, மருமகளின் ஒரு ஜோடி வைரத்தோடு. காலையிலிருந்து அங்கேதான் கிடந்திருக்கிறது. ஒரு காக்காய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையில் ஆரம்பித்த சிரிப்பு. நாத்தனாரும் என்னவென்று தெரியாமல் கூடச் சிரித்தார். “பாரு, நீ இருந்ததால பை பத்திரமா இருந்துச்சு” என்றார்.

அதைக்கூட விடுங்கள். கிளம்பும்போது கொடுத்தார்களே தாம்பூலப் பை, அதில் தேங்காய் எங்கே? வெற்றிலை இரண்டு, பாக்குப் பொட்டலம் ஒன்று, அப்புறம் ஒரு குட்டி பிளாஸ்டிக் டப்பா. திறந்து பார்த்தால் காலி. டப்பாவேதான் பரிசாம். ஒரு தேங்காய் கொடுக்க முடியாத அளவுக்கு என்ன வந்துவிட்டது இந்த ஊருக்கு? நாளைக்குச் சட்னிக்கு நான் எதை அரைப்பது?