இரண்டாவது கன்சோல் திமிர் அல்ல

வீடியோ கேம் விளையாடும் கருவியான கன்சோல் ஒன்றை எங்கள் வீட்டுக்கு இரண்டாவதாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அதன் படத்தைப் போட்டேன். அதன் கீழே நீங்கள் எழுதியவற்றை எல்லாம் படித்தேன். "வீட்டுக்கு ஒரு கன்சோல் போதாதா? பணம் கொழுத்தால் இப்படித்தான்" என்ற அந்த வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

போதாது அண்ணா.

எங்கள் வீட்டில் முதலில் இருந்த நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கன்சோலில் 'அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ்' என்ற விளையாட்டு இருக்கிறது. 2020 மார்ச் 20 அன்று வெளிவந்தது. ஐந்தே நாளில் நாடு முழுக்க ஊரடங்கு. தீவில் குடியேறி, மீன் பிடித்து, மரம் நட்டு வாழ்கிற விளையாட்டு. ஒரு கன்சோலுக்கு ஒரு தீவுதான். எத்தனை பேர் கணக்குத் தொடங்கினாலும், அந்த விளையாட்டு பதிந்த இன்னொரு கார்ட்ரிட்ஜ் வாங்கிச் செருகினாலும் இரண்டாவது தீவு கிடைக்காது. முதலில் தொடங்கியவர்தான் தீவுக்குப் பொறுப்பாளர். எங்கள் வீட்டில் அது என் மகள். ஆற்றுக்குப் பாலம் போடுவதா, கடையை இடம் மாற்றுவதா, எல்லாவற்றையும் அவள்தான் முடிவு செய்ய முடியும். எனக்கு அங்கே ஒண்டுக்குடித்தனம்தான். எனக்கென்று ஒரு தீவு வேண்டுமென்றால் இன்னொரு கன்சோல் வேண்டும். வேறு வழியே இல்லை.

மாறி மாறி விளையாடலாமே என்கிறீர்கள். மாறி மாறி விளையாடினாலும் தீவு ஒன்றுதானே? சேர்ந்து விளையாடக்கூடியவையும் உண்டு, மறுக்கவில்லை. 'மரியோ கார்ட் 8' என்ற கார் பந்தய விளையாட்டை ஒரே டிவியில் நான்கு பேர் ஓட்டலாம், நாங்களும் ஓட்டுகிறோம். ஆனால் எல்லா விளையாட்டிலும் அந்த வசதி இல்லை. 2001இல் வந்த முதல் 'ஹேலோ' என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் ஒரே திரையைப் பிரித்து இருவர் விளையாடலாம். 2015இல் வந்த 'ஹேலோ 5'இல் அதை எடுத்துவிட்டார்கள். ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் தம்பி சேர்ந்து விளையாட வேண்டுமென்றால் இரண்டு கன்சோல், இரண்டு டிவி. இன்னொரு பக்கம், பிளேஸ்டேஷன் 5 என்ற வேறு கன்சோல் இருக்கிற வீட்டில் குழந்தை மரியோ விளையாட்டு கேட்டால், அது அதில் ஓடாது; நின்டெண்டோ கன்சோல் ஒன்றும் வாங்கத்தான் வேண்டும். விளையாட்டுகளை இப்படி அமைத்திருக்கும்போது வாங்குகிறவர்களை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?

பணக் கொழுப்பா? பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது விலை 49,990 ரூபாய். நான் வாங்கியது யாரோ விளையாடிவிட்டு விற்ற பழைய ஸ்விட்ச். அதில் பாதிகூட ஆகவில்லை. திரை ஓரத்தில் ஒரு கீறல். அந்த வீட்டுக் குழந்தை பின்பக்கம் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கரின் பிசின் இன்னும் விரலில் ஒட்டுகிறது. கண் கெட்டுவிடும் என்ற அறிவுரையை, நாளெல்லாம் போன் பார்க்கிறவர்களிடமிருந்து நான் ஏற்கத் தயாராக இல்லை.

வீட்டில் ஆளுக்கொரு போன் இருக்கிறது. கணவருக்கு ஒரு பைக், மகனுக்கு ஒரு பைக். இதையெல்லாம் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு பெண் தனக்கென்று ஒன்றை வாங்கினால் மட்டும் எண்ணத் தொடங்குகிறீர்கள். "அம்மாவுக்கு எதற்கு விளையாட்டு?" என்று ஒருவர் கேட்டதற்குப் பதினேழு பேர் சிரித்திருக்கிறீர்கள். அதில் என் உறவினர்களும் உண்டு. சமையல், அலுவலகம், வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்து இரவு பத்து மணிக்கு நான் மீன் பிடித்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

'ஒரு கன்சோல் போதாதா' என்ற அந்த வரியை என் மகளும் படித்துவிட்டாள். "என் தீவை அழித்துவிடட்டுமா அம்மா? நீ முதலிலிருந்து தொடங்கிக்கொள்" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆமாம், எனக்காகத்தான் வாங்கினேன். அடுத்த மாதச் சம்பளத்தில் அதற்கு ஒரு மெமரி கார்டும் வாங்கப் போகிறேன். அதையும் படம் பிடித்துப் போடுவேன்.