கடங்கி ராடாரின் கற்றையைச் சோதிக்க முடியுமா?

திருப்பதி அருகே கடங்கியிலுள்ள, வளிமண்டலத்தை ஆராயும் எம்எஸ்டி ராடாரின் 1,024 யாகி ஆண்டெனாக்கள் (பழைய டிவி ஆண்டெனா போன்றவை) அசையாதவை, அதனால் அது அனுப்பும் ரேடியோ அலைக் கற்றை எங்கே பார்க்கிறது என்று சோதிக்கவே முடியாது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். முதல் பாதி சரி. ஆனால் சோதிக்க முடியும், வானமே உதவுகிறது.

கன்னி ராசியிலுள்ள எம்87 விண்மீன் மண்டலம் வலுவான ரேடியோ அலைகளை அனுப்புகிறது. ராடார் அலை அனுப்புவதை நிறுத்திவிட்டு ரிசீவரை மட்டும் ஓடவிட்டால், எம்87 கற்றையைக் கடக்கும்போது ரிசீவரின் இரைச்சல் அளவைக் காட்டும் கோடு மெல்ல ஏறி இறங்கும். அந்த உச்சம் வரும் நேரமே கற்றையின் கிழக்கு-மேற்குத் திசையைக் காட்டிக்கொடுத்துவிடும். எவ்வளவு அழகான சோதனை!

நீங்களே பாருங்கள்: ஸ்டெல்லேரியம் என்ற வானியல் மென்பொருளில் கடங்கியை இடமாக வைத்து எம்87-ஐத் தேடுங்கள். தலைக்கு நேர் மேலிருந்து சுமார் 1 பாகை தெற்கே கடக்கும், நேர் மேலே பார்க்கும் கற்றையின் அகலமோ 3 பாகை, அதனால் அதற்குள் சிக்கிவிடும். அப்புறம் அடுத்த நாளுக்கு மாற்றுங்கள், கடக்கும் நேரம் 4 நிமிடம் முந்தும். ராடாரின் உச்சமும் அப்படியே முந்தினால், அது வானத்துச் சிக்னல்தான்.